திருடன் தனியே ஆடுகிறான்

மெல்லிய புத்தகம்தான். உள்ளே பத்திகளுக்கெல்லாம் எண் போட்டிருக்கும். முதல் பத்தியைப் படித்து முடிக்கும்போது நீங்கள் ஏதோ ஒரு நகரத்தின் மதிலடியில், இருட்டில் நிற்கிறீர்கள். மதிலேறுவதானால் 46ஆம் பத்திக்குப் போகச் சொல்கிறது. காவல்காரன் நகரட்டும் என்று காத்திருப்பதானால் 112க்கு. கையில் ஒரு பென்சில், உங்கள் ஆளின் திறமைகளை எழுதிய ஒரு தாள், இரண்டு பகடை. எதிரே உட்கார்ந்து ஆட யாரும் வேண்டாம்.

கற்பனை உலகத்துத் திருடனாக ஒருவர் தனியே ஆடும் சாகச ஏடு இது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் தொடங்கி, லண்டன் வழியாக உலகம் சுற்றி, இன்று பண்ருட்டியில் ஒரு செல்போன் திரையிலும் திறக்கிறது. அது வந்த வழியைச் சொல்லப் புகுந்தால், அது வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் கையில் என்ன இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஏடு இனிப் போக வேண்டிய இடம் தெரியும் என்று நம்புகிறேன்.

திருடன் பிறந்த கடை

1974ஆம் ஆண்டு தொடக்கத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, 'நான் இதைச் செய்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நடக்குமா நடக்காதா என்று சொல்ல முடியாததைப் பகடை தீர்த்துவைக்கும். முதல் பதிப்பில் பாத்திரங்களுக்கு மூன்றே தொழில்கள்: போர்வீரன், மந்திரவாதி, பூசகன். திருடன் அதில் இல்லை.

திருடன் பிறந்தது அதே ஆண்டில், நாட்டின் மறுகோடியில். கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் 'ஏரோ ஹாபிஸ்' என்ற கடையைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு, பூட்டைத் திறக்கவும் பொறியைக் கண்டுபிடிக்கவும் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டான். அவர்களே ஒருவனை உருவாக்கிக்கொண்டார்கள். கடைக்காரர் கேரி ஸ்விட்சர் அதைத் தொலைபேசியில் கைகாக்ஸிடம் சொன்னார். கைகாக்ஸ் அதைத் தன் போக்கில் விதிகளாக எழுதி முதலில் ஒரு சிறு செய்திமடலில் வெளியிட்டார். 1975இல் வந்த 'கிரேஹாக்' என்னும் துணை நூலில் திருடன் முறைப்படி நான்காவது தொழிலானான்.

கதை உலகத்தில் அவனுக்கு மூத்தவர்கள் இருந்தார்கள். ஃபிரிட்ஸ் லைபர் 1939இலிருந்து எழுதிவந்த கதைகளில் வரும் கிரே மௌசர் என்ற சிறிய உருவத் திருடன் ஒருவன். ஜாக் வான்ஸ் 1966இல் வெளியிட்ட நாவலின் கூஜெல் இன்னொருவன். இருவரும் வலிமையால் வாழ்ந்தவர்கள் அல்லர். வாயும் காலும் விரலும்தான் அவர்களுடைய முதல். அந்தச் சாயலோடுதான் ஆட்டத்துத் திருடனும் வந்தான். உயிர்ப்புள்ளி குறைவு, கவசம் தோல்தான், கையில் குறுவாள். எதிரே போய் நின்றால் முதல் வெட்டிலேயே விழுந்துவிடுவான்.

அவன் எவ்வளவு மெலிந்தவன் என்பதை எண்களில் பார்க்கலாம். 1981இல் வந்த அடிப்படைப் பதிப்பில், முதல் நிலைத் திருடன் பூட்டைத் திறக்க நூற்றுக்குப் பதினைந்து வாய்ப்பு. பொறியைக் கண்டுபிடிக்கப் பத்து. சத்தமில்லாமல் நடக்க இருபது. நிழலில் ஒளிய மறுபடியும் பத்து. செங்குத்தான சுவரில் ஏறுவதற்கு மட்டும் 87. சத்தமில்லாமல் கதவுவரை போய், அந்தக் கதவின் பூட்டையும் திறக்க வேண்டுமென்றால் இரண்டு வாய்ப்பையும் பெருக்க வேண்டும். நூற்றுக்கு மூன்றுதான் மிஞ்சும். சுவரேறத் தெரிந்தவன், ஏறிய பிறகு எதையும் நம்பிச் செய்ய முடியாதவன்.

குழுவாக ஆடும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. திருடன் வேவு பார்க்க முன்னால் போனால் மற்ற நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவனுடைய சிறந்த நேரம் மற்றவர்களுக்குக் காத்திருக்கும் நேரம். 'சீக்கிரம் முடி' என்ற முணுமுணுப்பு எழும்போது பதுங்கிப் போகிறவன் எப்படி நிதானமாகப் பதுங்குவான்? இந்தப் பாத்திரத்துக்குத் தனி ஆட்டம் ஒன்று தேவை என்பது தொடக்கத்திலிருந்தே அதன் உடம்பில் எழுதியிருந்தது.

தனியாக ஆடும் வழி

தனி ஆட்டமும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் பிறந்தது. 1975 வசந்தத்தில் கைகாக்ஸ், ஒருவர் தனியாகவே நிலவறையை உருவாக்கிக்கொண்டு ஆடுவதற்கான அட்டவணைகளை வெளியிட்டார். பகடையை உருட்டினால் அடுத்து நடைபாதையா அறையா என்று அட்டவணை சொல்லும். வழி கிடைத்தது. அந்த வழிக்கு ஒரு கதை கிடைக்கவில்லை.

கதையோடு வந்தது அரிசோனாவிலிருந்து. அங்கே கென் செயின்ட் ஆண்ட்ரே 1975இல் 'டனல்ஸ் அண்ட் டிரோல்ஸ்' என்ற எளிமையான ஆட்டத்தை எழுதியிருந்தார். அதை வெளியிட்ட ஃப்ளையிங் பஃபலோ நிறுவனத்தின் ரிக் லூமிஸ் 1976இல் 'பஃபலோ காஸில்' என்ற தனியாள் சாகசத்தை எழுதினார். எண் போட்ட பத்திகள், ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் 'இதைச் செய்தால் அங்கே போ'. கேம் மாஸ்டரின் வேலையைப் புத்தகமே எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த முதல் ஏடு போர்வீரர்களுக்கானது. திருடனின் முறை இன்னும் வரவில்லை.

வந்தபோது அவன் ஒரு விசித்திரமான பேனாவோடு வந்தான். 1983இல் டேவிட் குக் எழுதிய 'பிளிஸார்ட் பாஸ்' டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கான தனியாள் சாகசம். ஆடுபவர் ஒரு திருடன். அந்த ஏட்டில் விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிடப்பட்டிருந்தன. கூடவே கொடுத்த பேனாவால் உரசினால்தான் எழுத்து தெரியவரும். எண் போட்ட புத்தகத்தை ஆடும் எவரும் பழைய பக்கத்தில் விரலைச் செருகிக்கொண்டு, முடிவு சரியில்லையென்றால் திரும்பி வந்துவிட முடியும். இந்த ஏட்டில் அப்படி முடியாது. கதவைத் திறக்க முடிவெடுத்து உரசிவிட்டால் உரசியதுதான். திருடனுடைய வாழ்க்கையின் சாரத்தை அந்த மை பிடித்துவிட்டது: உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் முடிவெடுக்க வேண்டும், எடுத்த முடிவைத் திருப்பி எடுக்க முடியாது.

லண்டன் வழி

1975இல் லண்டனில் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பைத் தொடங்கிய மூவரில் இருவர் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும். அவர்கள் சேர்ந்து எழுதிய 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' 1982இல் பஃபின் வெளியீடாக வந்தது. நானூறு பத்திகள். மூன்றே அளவுகள்: திறன், உடல் வலு, அதிர்ஷ்டம். விதிப்புத்தகம் தனியாக வாங்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் புத்தக அலமாரியில் கதைப்புத்தகமாகவே நின்றது. 'ஃபைட்டிங் ஃபேண்டஸி' என்ற பெயரில் அந்த வரிசை வளர்ந்தது.

அதில் அதிர்ஷ்டத்துக்கு ஒரு விதி. அதிர்ஷ்டத்தைச் சோதித்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், வென்றாலும் தோற்றாலும், அது ஒரு புள்ளி குறையும். சும்மா சும்மா அதிர்ஷ்டத்தின் மேல் சாய்பவனுக்கு வேண்டிய நேரத்தில் அது இருக்காது. இந்தச் சிறிய கணக்குதான் இந்த ஏடுகளைச் சூதாட்டத்திலிருந்து பிரித்தது.

1983இல் லிவிங்ஸ்டன் 'சிட்டி ஆஃப் தீவ்ஸ்' எழுதினார். போர்ட் பிளாக்சாண்ட் என்ற துறைமுக நகரம் அதில்தான் உருவானது. மூட்டை முடிச்சோடு உள்ளே போகிறவன் மடிச்சீலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஊர். அங்கே நாயகன் வெளியூர்க்காரன், திருடர்கள் அவனைச் சுற்றி இருப்பவர்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அந்தப் பார்வை திரும்பியது. 1987இல் கிரேம் டேவிஸ் எழுதிய 'மிட்நைட் ரோக்' அதே ஊரில் நடக்கிறது. இம்முறை நீங்களே திருடர் சங்கத்தில் சேரப் பரீட்சை எழுதும் கற்றுக்குட்டி. விலைமதிப்பில்லாத ஒரு கல்லைக் கொண்டுவர வேண்டும். ஏறுதல், ஒளிதல், பூட்டுத் திறத்தல், பதுங்கி நடத்தல், இரகசியக் குறிகளைப் படித்தல் போன்ற திறமைகளில் மூன்றை மட்டும் தேர்ந்துகொள்ளலாம்.

நூற்றுக்குப் பதினைந்து என்று அல்லாடிய பழைய திருடனுக்கு இங்கே வழி பிறந்தது. திறமை உங்களிடம் இருந்தால் பகடை தொடாமலே கதவு திறக்கிறது. இல்லையென்றால் வேறு வழி தேட வேண்டும். மூன்றைத் தேர்ந்த கணத்திலேயே மற்றவற்றை விட்டுவிட்டீர்கள். எந்த வீட்டுக்கு எந்த வழியாகப் போவது, முதலில் தகவலா பொருளா என்ற யோசனைதான் மிச்சம். பகடையிடமிருந்து முடிவு ஆடுபவரின் கைக்கு மாறியது. இந்த ஏட்டின் வளர்ச்சியில் இதைத்தான் நான் பெரிய படி என்று சொல்வேன்.

காகிதத்திலிருந்து திரைக்கு, திரையிலிருந்து காகிதத்துக்கு

தொண்ணூறுகளில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நிறுவனம் ஒரு கேம் மாஸ்டர், ஒரே ஓர் ஆட்டக்காரர் என்று இருவருக்கான வரிசை ஒன்றைக் கொண்டுவந்தது. 1993இல் வந்த 'தீஃப்ஸ் சேலஞ்ச்' அதில் திருடனுக்கானது. அவசரப்படுத்தும் நால்வர் இல்லாத மேசை ஒருவழியாக அவனுக்கு அமைந்தது.

1998இல் லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் 'தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்' என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. அதில் நாயகன் கேரட் நடக்கும் தரை பேசும். ஓடு பதித்த தரையில் காலடி ஒலிக்கும், புல்லிலும் கம்பளத்திலும் அடங்கும். காவல்காரர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்புவார்கள். தன் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதைக் காட்ட திரையின் அடியில் ஒரு மணி ஒளிரும். காகித ஏட்டில் 'சத்தமில்லாமல் நட: 20' என்ற ஒற்றை எண்ணாக இருந்தது, தரைக்குத் தரை மாறும் அனுபவமானது. காகித ஆட்டங்கள் எழுதுகிறவர்கள் இதிலிருந்து நிறையக் கற்றுக்கொள்ளலாம். பதுங்குவது ஒரு தனித் திறமை என்பதைவிட, இடத்தைப் படிக்கும் பழக்கம் என்பதுதான் அந்தப் பாடம்.

தனி ஆட்டம் மறுபடி காகிதத்துக்குத் திரும்பியது இந்த நூற்றாண்டில். ஜோ டெவர் 1984இல் தொடங்கிய 'லோன் வுல்ஃப்' வரிசையை, அவர் அனுமதியோடு ஆர்வலர்கள் இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். ஷான் டாம்கின் 2018இல் வெளியிட்ட 'அயர்ன்ஸ்வார்ன்' கேம் மாஸ்டர் இல்லாமல் தனியாகவும் ஆடுவதற்கு எழுதப்பட்டது. அதன் விதிநூலும் இலவசம். கப்பலேறிப் புத்தகமாக வர வேண்டியிருந்த பொருள், இப்போது எந்த ஊரிலும் ஒரு தரவிறக்கத் தூரத்தில் இருக்கிறது.

ஷிப்ட் ஊரில்

பண்ருட்டிக்குப் பக்கத்தில் நெய்வேலி. 1956இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்காகக் கட்டிய நகரியம், தெருவுக்கு முன் வட்ட எண்ணால் அறியப்படும் ஊர். அங்கே வீட்டின் கடிகாரத்தை ஷிப்ட்தான் ஓட்டுகிறது. அப்பா இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குவார், பிள்ளைகள் சத்தம் போடக்கூடாது. பண்ருட்டிப் பக்கமோ முந்திரியும் பலாவும். பருவம் வந்துவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் வேலை இருக்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் மூன்று மணி நேரம் ஒரு மேசையில் உட்காருவது இரண்டு ஊரிலும் எளிதல்ல. ஓசையில்லாமல், ஒருவரே, கிடைத்த அரைமணியில் தொடர்ந்து ஆடக்கூடிய ஆட்டம் இந்த வாழ்க்கைக்குப் பொருந்தி உட்காரும்.

நம் பிள்ளைகள் திருடனை அறியாதவர்களும் அல்லர். ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று நோட்டுத் தாளைக் கிழித்து எழுதி, சுருட்டிக் குலுக்கிப் போட்டு ஆடாத பள்ளி உண்டா? திருடன் சீட்டு வந்தவன் முகத்தை மாற்றாமல் உட்கார வேண்டும். வேடத்தை ஏற்று, அதைக் காத்து நிற்கும் முதல் பயிற்சி அது. அடுத்த சுற்றில் அதே பிள்ளைக்கு ராஜா சீட்டு வரும். அந்தச் சுழற்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் அதற்கு வருகிறேன்.

இங்கே இருந்த திருடர்கள்

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பத்துப்பாட்டில் மிக நீண்டது. அதில் மதுரையின் இரவு யாமம் யாமமாக விரிகிறது. நள்ளிரவில் திருடர்கள் வருகிறார்கள். அவர்கள் என்னென்ன வைத்திருந்தார்கள் என்று புலவர் ஒன்று விடாமல் சொல்கிறார்: கல்லையும் மரத்தையும் துணிக்கும் கூரிய வாள், காலில் தோல் செருப்பு, தொடையோடு ஒட்டிச் செருகிய குறுவாள், இருட்டின் நிறத்தோடு கலந்துவிடும் நீலக் கச்சை, இடுப்பில் சுற்றிய மெல்லிய நூலேணி, நிலத்தைத் தோண்ட உளி. ஆட்டக்காரர் தன் திருடனுக்காகத் தாளில் எழுதும் சாமான் பட்டியல் இதுவேதான். சாண்டா மோனிகா கடைக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எழுதிவைத்தது.

மருதனார் அதோடு நிற்கவில்லை. அந்தத் திருடர்களின் ஒளிவிடம் அறிந்து தேடும் ஊர்க்காவலரையும் அதே கவனத்தோடு காட்டுகிறார். அவர்கள் உறக்கம் வெல்லாத கண்ணர், நூல்வழி தேர்ந்தவர்கள், அம்பு ஏந்தியவர்கள். மழை பெய்து தெருவில் வெள்ளம் ஓடும் நள்ளிரவிலும் சோம்பாமல் சுற்றுகிறார்கள். திருடனுக்கு நிகரான எதிராளி இல்லாமல் திருடன் கதை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சூத்திரகரின் வடமொழி நாடகமான மிருச்சகடிகத்தை, பண்டிதமணி கதிரேசஞ் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழாக்கினார். அதில் வரும் சார்விலகன் சுவரில் கன்னம் வைக்கும் முன் நின்று யோசிக்கிறான். சுட்ட செங்கல்லா, சுடாததா, மண் சுவரா, மரமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை. துளையை எந்த வடிவில் போடுவது என்பதிலும் தேர்வு உண்டு. அளவெடுக்கக் கயிறு கொண்டுவர மறந்துவிட்டான், தன் பூணூலால் அளக்கிறான். 1998இன் கணினித் திருடன் தரையைப் படித்ததுபோல இவன் சுவரைப் படிக்கிறான்.

இவர்களையெல்லாம் தாண்டி ஒருவன் நிற்கிறான். அவன் திருடனே அல்லன். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலனைப் பிடிக்க வந்த காவலர்கள் 'இவனைப் பார்த்தால் திருடனாகத் தெரியவில்லையே' என்று தயங்குகிறார்கள். அவர்களை நம்பவைக்கப் பொற்கொல்லன் களவின் சாத்திரத்தை எடுத்து விரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டு. இந்த எட்டும் தெரிந்தவர்கள் எப்படியும் தோன்றுவார்கள் என்கிறான். அரசியின் சிலம்பை உண்மையில் திருடியவன் அவன்தான். களவைப் பற்றி அழகாகப் பேசத் தெரிந்தவன் தப்பிக்கிறான், களவறியாதவன் வெட்டுப்படுகிறான், மதுரை எரிகிறது.

சாண்டா மோனிகாவிலிருந்து புறப்பட்ட ஏடுகளில், நான் படித்தவரை, திருடனுக்கு ஆபத்து ஒன்றே: அவன் பிடிபடலாம். தமிழ் வைத்திருக்கும் கேள்வி வேறு: அவன் பிடிபடாவிட்டால் யார் பிடிபடுவார்கள்?

பழியின் கணக்கு

இந்தக் கேள்வி காப்பியத்தோடு முடிந்துபோனதல்ல. 1871இல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911இன் சட்டத்தோடு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தில் பிறந்ததற்காகவே மனிதர்கள் பதிவேட்டில் ஏற்றப்பட்டார்கள், கைரேகை பதிக்க வைக்கப்பட்டார்கள், போகும் இடத்துக்கு அனுமதி வாங்க வைக்கப்பட்டார்கள். மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று அந்தப் பதிவை எதிர்த்தவர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. பண்ருட்டி அன்று இருந்த தென்னாற்காடு மாவட்டத்திலேயே அஜீஸ் நகரில் அப்படி முத்திரை குத்தப்பட்டவர்களுக்கான குடியிருப்பு ஒன்று இருந்தது. சென்னை மாகாணம் 1947இல் அந்தச் சட்டத்தை நீக்கியது, நாடு முழுதும் 1952இல் நீங்கியது. நீங்கிய பிறகும் ஊர்ப்பேச்சில் அந்தப் பழி நின்றது, இன்னும் நிற்கும் இடங்கள் உண்டு.

அதனால்தான் நோட்டுத் தாள் சீட்டின் சுழற்சி எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆட்டத்தில் திருடன் என்பது ஒரு வேடம். யாருக்கும் வரலாம், அடுத்த சுற்றில் போய்விடும். சட்டம் அதை ஒரு சிலருக்குப் பிறப்பாக்கியது, சுற்று மாறவே இல்லை. தமிழில் திருடன் ஏடு எழுதுகிறவர் இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை அறிந்து எழுத வேண்டும். எந்தச் சாதியின் பெயரும் திருடன் தாளில் ஏறக்கூடாது. அதோடு, பழியையே ஆட்டத்தின் கணக்கில் ஓர் அளவாக வைக்க வேண்டும்.

எப்படி என்று ஒரு மாதிரி போட்டுப் பார்க்கிறேன். பண்ருட்டிக்கு மேற்கே, செம்மண் நிலத்தில், முந்திரித் தோப்பு நடுவே ஓட்டு வீடு ஒன்று. வட்டிக்கு விடுபவருடையது.

*1. அமாவாசை. உன் அக்காவின் நிலப் பத்திரம் அந்த வீட்டு இரும்புப்பெட்டியில் இருக்கிறது. கடனை அடைத்து ஒரு வருஷம் ஆகியும் திருப்பித் தரவில்லை. முன்வழியில் நாய். தோப்பு வழியில் கணுக்கால் அளவுக்கு முந்திரிச் சருகு. ஐப்பசி வானம் மூடியிருக்கிறது. முன்வழி என்றால் 9க்குப் போ. தோப்பு என்றால் 4க்குப் போ. மழைக்குக் காத்திருப்பாயானால் 7க்குப் போ.*

*7. மழை கொட்டித் தீர்த்தது. சருகு நனைந்து துணிபோலக் கிடக்கிறது, மிதித்தால் சத்தமில்லை. ஆனால் செம்மண் சேறாகிவிட்டது. நீ வைக்கும் ஒவ்வோர் அடியும் விடிந்த பிறகும் அங்கேயே இருக்கும். பழிக் கணக்கில் ஒன்று சேர்த்துக்கொள். பின்கதவுக்கு 12.*

*12. பழைய கதவு, துருப்பிடித்த கீல். தாயம் உருட்டு. 5 அல்லது மேலே விழுந்தால் சத்தமில்லாமல் திறக்கும். கிளம்பும்போது விளக்கெண்ணெய் எடுத்து வந்திருந்தால் 3 போதும்.*

தாயக்கட்டையைச் சும்மா அழகுக்குச் சேர்க்கவில்லை. இரண்டு நீளக் கட்டை, ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு முகம். மொத்தம் பதினாறு விதமாக விழலாம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. கணக்குப் போட்டால் 5க்கு மேல் விழ, 5உம் 12உம் சேர்த்து, பதினாறில் நான்கு வாய்ப்பு. 3உம் அதற்கு மேலும் என்றால் பதினொன்று. அதாவது ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய், கால்வாசி நம்பிக்கையை ஏறக்குறைய எழுபது விழுக்காடாக்கிவிடுகிறது. முன்யோசனைக்கு விலை உண்டென்று ஆடுபவருக்குக் கையிலேயே தெரியும். அமெரிக்கப் பகடைப் பெட்டி வாங்க வேண்டியதில்லை, பாட்டி வீட்டுப் பித்தளைக் கட்டை போதும்.

இனி உள்ளே போகலாம்.

*19. பெட்டி திறந்துவிட்டது. உன் அக்காவின் பத்திரத்தோடு இன்னும் நாற்பது குடும்பங்களின் பத்திரங்கள் ஒரே கட்டாக இருக்கின்றன. உன்னுடையதை மட்டும் எடுத்தால், விடிந்ததும் சந்தேகம் நேராக உன் வீட்டுக்கு வரும். கட்டோடு எடுத்தால், கூடத்தில் படுத்திருக்கும் காவல்காரர் கையில் விலங்கு விழும். அவர் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர், அவருக்காகப் பேச இந்த ஊரில் ஆளில்லை. பழிக் கணக்கைப் பார். உன்னுடையது மட்டும்: 23. கட்டோடு: 26. பெட்டியை மூடிவிட்டு வேறு வழி யோசிப்பதானால்: 31.*

இந்த 31ஆம் பத்திதான் நான் எழுதிப் பார்க்க மிக விரும்பும் பத்தி. பெட்டி திறந்து கிடக்க, எடுக்காமல் யோசிக்கிறவன் அங்கே இருக்கிறான். ஒருவேளை பத்திரங்களின் விவரத்தைக் குறித்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கோ வக்கீலிடமோ போவான். ஒருவேளை காவல்காரரை எழுப்பிப் பேசுவான். பகலில் நாற்பது குடும்பமும் சேர்ந்து வாசலுக்கு வரும் வழியும் அந்தப் பத்தியிலிருந்து பிரியலாம். கேம் மாஸ்டர் இல்லாத ஏட்டில் ஆடுபவருக்கு யாரும் அறிவுரை சொல்வதில்லை. அவராகவே நின்று முடிவெடுக்கிறார். நல்ல பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு நல்லவராக இருப்பது சுலபம். திருடன் வேடத்தில், யாரும் பார்க்காத இரவில், அடுத்தவர் தலையில் பழி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் சோதனை. இளையவர்கள் கைக்கு இந்தச் சோதனை ஆட்டமாகக் கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அட்டவணையாகப் பிறந்த தனி ஆட்டத்துக்கு அரிசோனா கதையைக் கொடுத்தது. விஸ்கான்சின் திருப்பி எடுக்க முடியாத மையைக் கொடுத்தது. லண்டன் திறமையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கொடுத்தது. கணினி தரையின் ஓசையைக் கொடுத்தது. ஒவ்வோர் ஊரும் ஒன்றைச் சேர்த்த பிறகே ஏட்டை அடுத்த ஊருக்கு அனுப்பியது. தமிழ் சேர்க்க வேண்டியது பழிக் கணக்கு. அதற்கான சாமான் பட்டியல் மதுரைக்காஞ்சியிலும், அதன் காரணம் சிலப்பதிகாரத்திலும், அதன் அவசரம் தென்னாற்காட்டின் நேற்றைய வரலாற்றிலும் இருக்கின்றன. அச்சகம் தேடி ஓட வேண்டியதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, நூறு பத்திகளுக்கு எண் போட்டு, பள்ளிப் பிள்ளைகள் இருவரிடம் கொடுத்து ஆடச் சொன்னால், எந்தப் பத்தியில் அவர்கள் நின்று யோசிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்த இடங்களை வைத்துக்கொண்டு, யோசிக்காமல் தாண்டிப்போகும் இடங்களைத் திருத்தி எழுத வேண்டும். இப்படித்தான் இந்த ஏடு எல்லா ஊரிலும் வளர்ந்தது, பண்ருட்டியிலும் இப்படியே வளரும்.